வைராய்டு: உறையும் புரதமும் இல்லாத பயிர்நோய்

வைராய்டு என்பது செடிகளில் நோய் உண்டாக்கும் ஒரு சிறு ஆர்.என்.ஏ. வளையம். அதற்கு மேல் அதனிடம் எதுவும் இல்லை. பாக்டீரியாவுக்கு இருப்பது போன்ற செல் இல்லை. வைரஸுக்கு இருப்பது போன்ற புரத உறை இல்லை. ஒரே ஒரு புரதத்தையாவது செய்துகொள்ளும் மரபுக்குறிப்புகூட இல்லை. ஆர்.என்.ஏ.வின் நீளத்தை நியூக்ளியோடைடு என்ற அலகால் கணக்கிடுவார்கள். கோவிட் நோயைக் கொண்டுவந்த வைரஸுக்கு ஏறத்தாழ 30,000 நியூக்ளியோடைடு. புகையிலைத் தேமல் வைரஸுக்குச் சுமார் 6,400. உருளைக்கிழங்கைத் தாக்கும் வைராய்டுக்கோ வெறும் 359. தென்னையைத் தாக்குவதற்கு 246 போதும். இதுவரை அறியப்பட்ட வைராய்டுகளில் மிகச் சிறியது இதுதான். அந்த 246 நியூக்ளியோடைடு பிலிப்பைன்ஸ் நாட்டில் 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னை மரங்களைச் சாகடித்திருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

இந்த நோய் திருப்பூருக்கும் தொடர்புடையதுதான். திருப்பூர் மாவட்டம் வெளியூர்க்காரர்களுக்குப் பனியன் கம்பெனிகளாலும் சாயப்பட்டறைகளாலும்தான் தெரியும். ஆனால் நகரத்தைத் தாண்டினால் பல்லடம், பொங்கலூர், குண்டடம், உடுமலை வரை தக்காளி. உடுமலை, மடத்துக்குளம் பக்கம் தென்னந்தோப்புகள். காங்கேயம், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் கொப்பரை உலர்த்தும் களங்களும் எண்ணெய் ஆலைகளும். வைராய்டுகளுக்கு மிகவும் பிடித்த பயிர்க் குடும்பங்களில் தக்காளிக் குடும்பம் ஒன்று. அவற்றால் ஏற்பட்ட மிகப்பெரிய அழிவைக் கண்டது தென்னை. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் தண்ணீரை நம்பியிருக்கும் ஒரு விவசாயி வைராய்டு என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் நாற்று வாங்கும்போதும் கத்தி பிடிக்கும்போதும் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நோயின் கதை உருளைக்கிழங்கில் தொடங்குகிறது. 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்க வயல்களில் கிழங்குகள் உருண்டையாக இல்லாமல் கதிர்போல் நீண்டு, இருமுனையும் கூம்பி வந்தன. ஏதோ ஒரு வைரஸ்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த வைரஸைப் பிரித்தெடுக்கும் வேலை 1960-களில் மேரிலாந்து மாநிலம் பெல்ட்ஸ்வில்லில் உள்ள அமெரிக்க வேளாண்துறை ஆய்வுக்கூடத்தில் நடந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த தியோடர் டீனர், வில்லியம் ரேமர் ஆகியோர் அதில் ஈடுபட்டார்கள். நோயுற்ற செடியின் சாற்றை அதிவேகத்தில் சுழற்றினால் வைரஸ் துகள் அடியில் படிய வேண்டும். இந்தச் சாற்றில் நோய்த்தன்மை படியாமல் மேலேயே நின்றது. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்தார்கள், நோய்த்தன்மை குறையவில்லை. ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் அது மறைந்தது. புரதம் எதுவும் தட்டுப்படவில்லை. உறையில்லாத, வெறும் ஆர்.என்.ஏ.தான் இந்த நோய் என்ற முடிவுக்கு வந்த டீனர், 1971-இல் அதற்கு வைராய்டு என்று பெயரிட்டார்.

உயிரியலாளர்கள் பலருக்கு இது ஏற்புடையதாக இல்லை. வைரஸ்கூடத் தன்னைப் பெருக்கிக்கொள்ளச் சில புரதங்களையாவது சொந்தமாகச் செய்துகொள்கிறதே, எதுவுமே செய்யாத ஒன்று எப்படிப் பெருகும் என்று கேட்டார்கள். விடை ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹைன்ஸ் சேங்கர் குழுவினர் 1976-இல் இது முனைகள் மூடிய வளையம் என்று காட்டினார்கள். 1978-இல் ஹான்ஸ் கிராஸ் முதலியோருடன் சேர்ந்து 359 நியூக்ளியோடைடுகளின் வரிசை முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். வளையத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தோடு இணைசேர்ந்து ஒட்டிக்கொள்வதால், உருவத்தில் அது ஒரு குட்டைக் குச்சிபோல் நிற்கிறது. நுனியே இல்லாத வளையமாகவும் இறுக்கமான குச்சியாகவும் இருப்பதால், செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் அதை எளிதில் நெருங்க முடிவதில்லை. உறை செய்ய வேண்டிய வேலையை உருவமே செய்துவிடுகிறது. டீனருக்கு 1987-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. 2023-இல், 102 வயதில் அவர் காலமானார்.

பெருகும் விதத்தில்தான் வைராய்டின் திறமை முழுவதும் இருக்கிறது. செடியின் செல்லில் உட்கருவுக்குள் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற நொதி இருக்கிறது. டி.என்.ஏ.வைப் படித்து அதன்படி ஆர்.என்.ஏ.வை எழுதுவது அதன் அன்றாட வேலை. வைராய்டு அந்த நொதியைத் தன் வளையத்தின் மேல் ஏற்றிவிடுகிறது. டி.என்.ஏ. மட்டுமே படிக்கும் நொதி ஆர்.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்குகிறது. வளையத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. நொதி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே, ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் நீண்ட இழையை எழுதித் தள்ளுகிறது. பனியன் கம்பெனியின் வட்டப்பின்னல் மெஷின் முடிவில்லாத குழாய்த்துணியை இறக்கிக்கொண்டே இருக்க, கட்டிங் மாஸ்டர் அதை அளவுபார்த்து வெட்டுவது போன்ற ஏற்பாடு இது. அந்த இழை எதிர்ப்பிரதி. அதைப் படித்து மறுபடி நேர்ப்பிரதி எழுதப்படுகிறது. நேர்ப்பிரதியைச் சரியான நீளத்துக்கு வெட்டுவது செடியின் இன்னொரு நொதி. வெட்டிய துண்டின் இரு முனைகளையும் ஒட்டி மீண்டும் வளையமாக்குவது, டி.என்.ஏ.வை ஒட்டுவதற்காக இருக்கும் மூன்றாவது நொதி. மூன்றும் செடியின் சொத்து. வைராய்டு கொண்டுவந்தது தன் உருவத்தை மட்டும்தான்.

எல்லா வைராய்டுகளும் உட்கருவில் பெருகுவதில்லை. இதுவரை அறியப்பட்ட 40-க்கும் மேற்பட்ட வகைகளில் பெரும்பாலானவை உட்கருவில் பெருகும் குடும்பத்தைச் சேர்ந்தவை. பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தில் பெருகும் சிறு குடும்பம் ஒன்றும் உண்டு. அவகாடோ, பீச் மரங்களைத் தாக்குபவை அதில் அடங்கும். இந்தச் சிறு குடும்பம் உயிரியலுக்கே ஒரு புதிய பாடத்தைத் தந்தது. அவகாடோ வைராய்டின் நீண்ட இழையை வெட்ட எந்த நொதியும் தேவைப்படவில்லை, அந்த ஆர்.என்.ஏ. தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ராபர்ட் சைமன்ஸ் குழுவினர் 1986-இல் கண்டார்கள். வெட்டும் பகுதியின் வடிவம் சுத்தியலின் தலையைப் போல் இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே வைக்கப்பட்டது. வேதிவினையை நடத்துவது புரதம்தான் என்ற பழைய எண்ணத்தைத் தகர்த்த சான்றுகளில் இதுவும் ஒன்று. உயிர் தோன்றிய காலத்தில் டி.என்.ஏ.வும் புரதமும் வருவதற்கு முன் ஆர்.என்.ஏ. மட்டுமே இருந்த உலகம் ஒன்று இருந்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. அந்த உலகத்தின் எச்சமே வைராய்டுகள் என்று டீனரே 1989-இல் எழுதினார். கவர்ச்சியான கருத்து, ஆனால் நிறுவப்பட்டதல்ல.

புரதம் செய்யாத ஒன்று செடியை எப்படி நோயாக்குகிறது என்பது இன்னும் கடினமான கேள்வி. செடிகளுக்கு ஒரு தற்காப்பு உண்டு. இரட்டை இழையாக நிற்கும் அந்நிய ஆர்.என்.ஏ.வைக் கண்டால் அதைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டும். பின்பு அந்தத் துண்டுகளையே அடையாளச்சீட்டாக வைத்துக்கொண்டு, அதே வாசகம் உள்ள ஆர்.என்.ஏ. எங்கிருந்தாலும் தேடி அழிக்கும். வைரஸை ஒழிக்க உதவும் ஏற்பாடு இது. குச்சிபோல் இணைசேர்ந்து நிற்கும் வைராய்டையும் செடி இப்படித்தான் வெட்டுகிறது. வினை அங்கேதான் வருகிறது. வைராய்டின் சில துண்டுகள் செடியின் சொந்த மரபணுக்களின் வாசகத்தோடு பொருந்திவிடுகின்றன. செடி தன் மரபணுவையே எதிரியென்று நினைத்து அடக்குகிறது. பீச் இலைகளை வெளுக்கவைக்கும் வைராய்டின் ஒரு சிறு துண்டு, பசுங்கணிகம் வளரத் தேவையான ஒரு புரதத்தின் செய்தியை வெட்டுவதாக 2012-இல் காட்டப்பட்டது. தக்காளியில் உருளைக்கிழங்கு வைராய்டின் துண்டுகள், செல்களுக்கிடையிலான வழிகளில் படியும் கேலோஸ் என்ற பொருளைத் தயாரிக்கும் மரபணுக்களை அடக்குவதாகக் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் சரித் ராஜ் அட்கர்-புருஷோத்தமாவும் குழுவினரும் 2015-இல் கண்டார்கள். வைராய்டின் வரிசையில் ஓரிரு நியூக்ளியோடைடு மாறினாலே மிதமான நோய் கடுமையானதாக மாறுவதன் காரணமும் இதிலிருந்து ஓரளவு விளங்குகிறது.

நோயுற்ற தக்காளிச் செடியைக் கிட்டத்தில் பார்த்தால் முதலில் நுனிதான் கண்ணில் படும். கணுக்களுக்கு இடையே தூரம் குறைந்து, புது இலைகள் சிறுத்துச் சுருங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கொத்தாக நிற்கும். இலைகள் கீழ்நோக்கி மடங்கும். அடிப்புறத்தில் நரம்புகள் பழுப்பேறும். பூ வந்தாலும் காய் சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும். இந்தியாவில் இது தக்காளி முடிக்கொத்து நோய் என்று வெகுகாலமாக அறியப்பட்டிருந்தது. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.டி. மிஸ்ராவும் பெல்ட்ஸ்வில்லில் டீனர் உள்ளிட்டோரும் சேர்ந்து 1991-இல் இதன் காரணத்தை வெளியிட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு குடும்ப மரங்களில் பட்டையை உரியவைக்கும் வைராய்டின் தனி வகை ஒன்றுதான் இந்தியத் தக்காளியில் இருந்தது. பழமரத்தின் வைராய்டு காய்கறிப் பயிரில் வந்து உட்கார்ந்திருந்தது. வாழையின் முடிக்கொத்து நோயோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அது வைரஸ் நோய், அசுவினியால் பரவுவது.

வயலில் வரும் குழப்பம் பெரும்பாலும் இலைச்சுருள் நோயோடுதான். அதுவும் நுனியைச் சுருட்டும், அதுவும் செடியைக் குட்டையாக்கும். ஆனால் அதைப் பரப்புவது வெள்ளை ஈ. ஈயைக் கட்டுப்படுத்தினால் பரவல் குறையும். வைராய்டு பரவும் பெரிய வழியோ மனிதனின் கை. நோயுற்ற செடியில் பக்கக்கிளையைக் கிள்ளிய விரல், அடுத்த செடியைக் கிள்ளும்போது சாற்றோடு வைராய்டையும் கொடுத்துவிடுகிறது. பந்தலில் ஏற்றிக்கட்டும் தக்காளியில் கிள்ளுவதும் கட்டுவதும் வாரந்தோறும் நடக்கும் வேலை. நாற்றுப்பண்ணையில் ஆபத்து இன்னும் அதிகம். சுண்டைக்காய்த் தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டும் முறை தமிழ்நாட்டில் பரவிவருகிறது. வேர்நோய்களுக்கு அது நல்ல தீர்வு. ஆனால் ஒட்டுக்கட்டும் ஒரே பிளேடு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தண்டுகளை வெட்டுகிறது. கிழங்கு, தண்டுத்துண்டு, ஒட்டுக்கிளை ஆகியவற்றால் பெருக்கப்படும் எந்தப் பயிருக்கும் இதே நிலைதான். செவ்வந்தியில் குட்டைநோய் உண்டாக்கும் வைராய்டு இந்தியாவிலும் கண்டறியப்பட்டிருக்கிறது. செவ்வந்தியும் தண்டுத்துண்டிலிருந்து வளர்க்கப்படும் பயிரே. விதைவழிப் பரவல் பயிருக்குப் பயிர் மாறுகிறது. உருளைக்கிழங்கு வைராய்டு தக்காளி விதையிலும் மகரந்தத்திலும் ஏறிக்கொள்ளும். எலுமிச்சைக் குடும்பத்தின் வைராய்டுகள் பொதுவாக விதையில் ஏறுவதில்லை. அதனால் விதைபோட்டு வளர்த்த எலுமிச்சைக் கன்று இந்த விஷயத்தில் ஒட்டுக்கன்றைவிடப் பாதுகாப்பானது.

பூச்சிகளுக்கு இதில் பங்கே இல்லை என்று வெகுகாலம் எண்ணப்பட்டது. அதை மாற்றிய ஆய்வுகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது. இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் தோலில் தழும்பு விழவைக்கும் வைராய்டைப் பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் விபின் ஹல்லன் குழுவினர் ஆராய்ந்தார்கள். பசுமைக்குடில்களில் காணப்படும் ஒருவகை வெள்ளை ஈ இந்த வைராய்டை ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோவதை அவர்கள் 2015-இல் காட்டினார்கள். வெறும் ஆர்.என்.ஏ. ஈயின் வயிற்றில் எப்படித் தாங்கும்? செடியின் உணவுக்குழாயில் ஓடும் ஒரு புரதம் வைராய்டோடு ஒட்டிக்கொண்டு துணைபோகிறது என்பது அவர்கள் கண்ட விடை. இங்கும் இரவல் புரதம்தான்.

தென்னையின் கதை வேறுவிதம். கடாங்-கடாங் எனப்படும் அந்த நோய் பிலிப்பைன்ஸின் பிக்கோல் பகுதியில் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே மரங்களைக் கொன்றுவந்தது. காரணம் வைராய்டு என்பதை 1970-களின் நடுவில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் ரேண்டில்ஸ் கண்டுபிடித்தார். காய்கள் முதலில் உருண்டையாகி, நடுவில் தழும்பு விழுகிறது. ஓலைகளில் ஒளி ஊடுருவும் மஞ்சள் புள்ளிகள் தோன்றுகின்றன. பிறகு பாளை கருகிக் காய்ப்பு நின்றுபோகிறது. கடைசியில் ஓலைகள் குறைந்து, குருத்து விழுந்து, வெறும் தண்டு நிற்கிறது. இந்த மூன்று கட்டமும் முடியப் பத்து ஆண்டுக்கு அருகில் ஆகும். பாளை விடாத இளங்கன்றில் நோய் தெரிவது அரிது. நன்றாகக் காய்க்கும் வயதில்தான் வெளிப்படுகிறது. பதினைந்து, இருபது ஆண்டு வளர்த்த மரம் பலன் தரும் நேரத்தில் போவதுதான் இந்த நோயின் கொடுமை. மரத்துக்கு மரம் எப்படிப் பரவுகிறது என்பது இத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பிறகும் முழுமையாக விளங்கவில்லை. குவாம் தீவிலும் தென்னையை அழிக்கும் ஒரு நெருங்கிய உறவுக்கார வைராய்டு இருக்கிறது.

பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளை இப்போது வாட்டும் கேரள வாடல் நோய் வேறு இனம். 1882-இல் கேரளத்தின் ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் பெருவெள்ளத்துக்குப் பின் முதன்முதலில் கவனிக்கப்பட்ட அந்த நோய்க்குக் காரணம் பைட்டோபிளாஸ்மா என்ற, செல்சுவர் இல்லாத பாக்டீரியா. காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் 1983-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டார்கள். கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதைப் பரப்புகின்றன. ஓலைகள் விலா எலும்புபோல் உள்வளைந்து மஞ்சளாகும். மரம் பெரும்பாலும் சாகாது, காய்ப்புதான் சரியும். டெட்ராசைக்ளின் வகை மருந்தால் பைட்டோபிளாஸ்மா தற்காலிகமாக அடங்கும். வைராய்டிடம் எந்த மருந்தும் பலிக்காது, ஏனென்றால் மருந்து தாக்குவதற்கு அதனிடம் சொந்த இயக்கம் எதுவுமில்லை. இந்த வேறுபாடு தெரிந்தால், தோப்பில் வாடல் கண்டவுடன் எதற்கு எதை அடிப்பது என்ற குழப்பம் குறையும்.

சோதனையிலும் இதே சிக்கல். வைரஸ் நோய்களைக் கண்டறிய வயலிலேயே பயன்படும் பட்டைச்சோதனைகள் வைரஸின் புரத உறையை அடையாளம் காண்பவை. வைராய்டுக்கு உறையே இல்லாததால் அவை பயன்படாது. ஆர்.என்.ஏ.வையே தேடும் ஆர்.டி.-பி.சி.ஆர். முறைதான் வழி, கோவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிய அதே சோதனை. அதற்கு முன்பெல்லாம் அறிகுறியைச் சட்டென்று காட்டும் செடிகளில் சாற்றைத் தடவிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அறிகுறியே காட்டாமல் வைராய்டைச் சுமக்கும் மரங்களும் கொடிகளும் ஏராளம். ஜப்பானில் ஹாப்ஸ் கொடிகளைக் குட்டையாக்கிய வைராய்டு, திராட்சைக் கொடிகளில் சத்தமில்லாமல் இருந்து அங்கிருந்து வந்ததே.

வெப்பமும் விவசாயிக்கு எதிராகவே நிற்கிறது. வைரஸ் ஏறிய செடியைச் சூட்டில் வைத்து வளர்த்து, நுனிமொட்டை எடுத்துத் திசுவளர்ப்பில் சுத்தமான செடியாக்குவது பழைய வழக்கம். வைராய்டுகள் பெரும்பாலும் சூட்டில்தான் அதிகம் பெருகுகின்றன. 30 டிகிரி செல்சியஸ் சுற்றி அவற்றுக்கு நல்ல காலம். அதனால் இவற்றை நீக்க ஆய்வகங்களில் செடியை மாதக்கணக்கில் குளிரில் வைத்து, பிறகு நுனிமொட்டை மிகச் சிறிதாக வெட்டி எடுக்கிறார்கள். கொங்கு நாட்டு வெயிலில் அது வயலில் நடக்கிற காரியமல்ல.

வயலில் கைகொடுப்பது கத்தியின் சுத்தம். கத்தியைத் தீயில் காட்டுவதும் சாராயம் தொட்டுத் துடைப்பதும் வைராய்டுக்கு நம்பத்தக்க மருந்தல்ல. எலுமிச்சைக் குடும்ப ஒட்டுக்கத்திகளில் 1960-களிலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. பலன் தந்தது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். திருப்பூர்க்காரர்களுக்கு இந்த இனத்து ரசாயனம் அந்நியமில்லை. பழுப்பாக வரும் பருத்தித் துணியை வெள்ளை பனியனாக்கப் பிளீச்சிங் பட்டறைகள் ஒரு காலத்தில் குளோரின் பிளீச்சையே நம்பியிருந்தன. பிறகுதான் பெராக்சைடுக்கு மாறின. நீர்த்த கரைசலில் கத்தியை முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் இரும்பை அது அரித்துவிடும். கரைசல் வெயிலில் வீரியம் இழக்கும், செடிச்சாறு சேரச்சேரவும் இழக்கும். ஆகவே வேலைக்கு நடுவில் புதிதாகக் கலக்க வேண்டும். இரண்டு கத்தியை வைத்துக்கொண்டு, ஒன்று கரைசலில் ஊறும்போது மற்றதால் வெட்டுவது வேலையைத் தாமதப்படுத்தாது. சந்தேகமான செடியைக் கடைசியில் தொடுவதும், பிடுங்கியதை வரப்பில் போடாமல் எரிப்பதும் இதோடு சேர்ந்தவை.

மனிதருக்கோ ஆடுமாட்டுக்கோ வைராய்டால் நோய் வருவதில்லை. நோயுற்ற செடியின் தக்காளியைச் சாப்பிடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. சில வைராய்டுகளை வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் ஆரஞ்சு மரங்களைக் குட்டையாக வளர்க்க, பெரிய கெடுதல் செய்யாத ஒரு வைராய்டை ஒட்டுவழி ஏற்றினார்கள். மரம் சிறுத்தால் நெருக்கி நடலாம், ஏணியில்லாமல் பறிக்கலாம்.

ஒழிப்பில் பெரிய வெற்றி கண்டது உருளைக்கிழங்குதான். அமெரிக்காவும் கனடாவும் விதைக்கிழங்குகளைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையைக் கறாராக நடத்தித் தங்கள் விதைக் கையிருப்பிலிருந்து கதிர்க்கிழங்கு நோயை அகற்றின. தென்னைக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதனால் எல்லையிலேயே தடுப்பதுதான் முக்கியம். 2003-ஆம் ஆண்டின் இந்தியத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை, கடாங்-கடாங் உள்ளிட்ட நோய்களைக் காரணம் காட்டி, பிலிப்பைன்ஸ், குவாம் போன்ற இடங்களிலிருந்து தென்னை விதைக்காயும் கன்றும் வருவதைத் தடை செய்கிறது. அதிகக் காய்ப்பு என்று சொல்லி வெளிநாட்டு ரகக் கன்றுகளை ஆவணமில்லாமல் விற்பவரிடம் வாங்கினால் இந்தத் தடுப்பு வீணாகிறது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறு நகரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்தோ அரசுப் பண்ணைகளிலிருந்தோ கன்று எடுப்பதும், தாய்மரம் எது என்று தெரிந்த உள்ளூர்த் தோப்பில் விதைக்காய் பொறுக்குவதும் செலவு அதிகமில்லாத வழிகள்.